செருப்பு நேராக இருக்கிறதா

மார்ச் 13, வெள்ளி

தையலக்காவுக்கு,

நான் கரண்டி. இப்படி எழுதினால்தான் உங்களுக்குத் தெரியும். உண்மையான பெயரைப் போட்டால் யாரோ என்று நினைத்துக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். நீங்கள் உள்பை வைத்துத் தைத்து அனுப்பிய பச்சை ஏப்ரன் வந்த அட்டைப்பெட்டியை நான் எறியவில்லை. வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். அதன் மூலையில் உங்கள் கடையின் ரப்பர் முத்திரை இருக்கிறது. 'ஊர் வேண்டாம், பேர் வேண்டாம், வீடு வேண்டாம்' என்று எங்கள் வாயை எல்லாம் அடைத்துவிட்டு, குழுவை நடத்துகிற நீங்களே முகவரியைக் குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கவனக்குறைவால்தான் இந்தக் கடிதம் போகிறது. கும்பிடத் தோன்றுகிறது.

புதன்கிழமை மதியம் செயலியில் நம் 'வாசற்படி' காணாமல் போய்விட்டது. குழுவும் இல்லை, என் கணக்கும் இல்லை. 'எங்கள் விதிகளை மீறியதால் மூடப்பட்டது' என்று ஒற்றை வரி. நான் எதை மீறினேன்? காலையில் எழுந்து என் செருப்பைப் படம் எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். வீட்டு வேலைக்கு வந்து நாலு சுவருக்குள் கிடக்கிற நாங்கள் எல்லோரும் தினமும் போடுவதுதானே? செருப்பு நேராக இருந்தால் நலம், கவிழ்ந்திருந்தால் ஆபத்து, யாராவது உதவிக்கு வாங்க. இதில் என்ன குற்றம் கண்டுபிடித்தார்களோ.

என்னை விடுங்கள். எனக்கு நம் 'ஜன்னல்' பெண்ணை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. முதலாளி வீட்டார் வெளியே போகும்போது அந்தப் பிள்ளையைக் குழந்தைகளோடு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். கையில் காசு இல்லை, பாஸ்போர்ட் முதலாளியிடம், இந்த ஊர்ப் பேச்சும் பிடிபடவில்லை. குழந்தைகளின் டேப்லெட் ஒன்றுதான் அவளுக்கு வாய். மாதக் கடைசியில் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போகிறார்கள், அவளையும் சேர்த்து. அதற்கு முன்னால் அவள் வெளியே வருகிற ஒரே நாள் நேற்றைய வியாழக்கிழமை. குழந்தைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போவாள், நான் அடையாளத்துக்குப் பச்சை ஏப்ரன் போட்டுக்கொண்டு நிற்பேன், குழந்தைகளை அவர்கள் அம்மா கையில் விட்டதும் அவளைப் பெண்கள் காப்பகத்துக்குக் கூட்டிப் போவேன் என்று ஏற்பாடு. எந்தக் குளம் என்று புதன்கிழமை சொல்கிறேன் என்றாள். புதன்கிழமை நமக்கு வாயே இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும் போனேன் அக்கா. எனக்குத் தெரிந்த பெரிய குளத்து வாசலில், முதலாளியம்மாவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, ஏப்ரனோடு சாயங்காலம் முழுக்க நின்றேன். ஒருவர் வந்து, "இங்க என்னம்மா விக்கறீங்க?" என்று கேட்டார். ஈரத் தலையோடு குழந்தைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு கும்பலிலும் ஒரு பெண் இருந்தாள். ஒருத்தியும் என் ஏப்ரனைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் எத்தனை நீச்சல் குளம் என்று அப்புறம்தான் விசாரித்தேன். கேட்டால் மயக்கம் வரும்.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அவள் உங்களிடம் தனியாகச் சொன்னாளா? எந்தக் குளம்?

பதிலை ஏப்ரன் வந்த அதே சலவைக் கடைக்குப் போடுங்கள், அந்த முகவரியை நீங்கள் அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்று திரும்ப எழுதியிருக்கிறேன், கடைக்காரம்மா எடுத்து வைப்பார். போன் வேண்டாம். என் போன் முதலாளியம்மா பேரில் இருக்கிறது, அழைப்பு, மெசேஜ் எல்லாம் அவர் கண்ணில் படும். அந்தச் செயலிக்கு மட்டும்தான் தனிப் பூட்டு வைத்திருந்தேன். உங்களுக்கும் காது கேட்காது. நீங்கள் அங்கே "என்ன? என்ன?" என்று கத்த, நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, நன்றாகத்தான் இருக்கும்.

கரண்டி


மார்ச் 18

கரண்டி,

உன் கடிதம் கிடைத்தது. வெங்காய வாசனையோடு வந்தது. அந்தப் பெட்டியை எறியாமல் வைத்ததற்கு நீ நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கும் ஒன்றும் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், தேடித் தேடிப் படிக்காதே. எந்தக் குளம் என்று என்னிடம் சொல்லவில்லை.

என் கணக்கையும் மூடிவிட்டார்கள். காரணம் கேட்டு எழுதினேன். பதில் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது, அப்போதே தெரிந்துவிட்டது படித்தது மனிதர் இல்லை என்று. ஆள் கடத்தல் சந்தேகமாம். பாஸ்போர்ட், பூட்டு, தப்பிப்பது, காப்பகம், எந்த இடத்தில் நிற்பது என்று நாம் பேசினோம் இல்லையா? அதையெல்லாம் ஒரு இயந்திரம் கூட்டிப் பார்த்து, நாமே பெண்களைக் கடத்துகிறோம் என்று முடிவு கட்டிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முறையிட்டேன். 'பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை.' திரும்பவும் முறையிட்டேன். அதே வரி, அதே முற்றுப்புள்ளி. கடையை அடைத்துவிட்டு அந்த நிறுவனத்தின் அலுவலகத்தைத் தேடிப் போனேன். கண்ணாடிக் கட்டடம். வாசலில் இருந்தவர் உதட்டை அசைத்தார், எனக்குக் கேட்கவில்லை, எழுதிக் காட்டச் சொன்னேன். 'இங்கே விளம்பரம் விற்பவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்' என்று எழுதினார். நல்ல கையெழுத்து.

காவல் நிலையத்துக்கும் போனேன். எழுதி எழுதித்தான் பேசினோம். பெயர் என்ன என்றார். ஜன்னல் என்று எழுதினேன். என் முகத்தைப் பார்த்தார். முகவரி? தெரியாது. போன் நம்பர்? கிடையாது. காணாமல் போய்விட்டாளா? இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறாள். 'பிறகு என்ன?' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். இரத்த உறவு யாராவது புகார் கொடுத்தால் அந்த நிறுவனத்திடம் விவரம் கேட்கலாமாம், அதற்கும் மாதங்கள் ஆகுமாம். நம்மிடம் மாதமா இருக்கிறது?

பக்கத்துச் சாவிக்கடைக்காரர் நம்பரில் புதுக் கணக்கு ஒன்று திறந்து பார்த்தேன். திறந்து என்ன செய்ய? பழைய குழுவின் சுவடே இல்லை. அவளை எந்தப் பெயரில் தேடுவது? ஜன்னல் என்று போட்டால் கண்ணாடிச் சட்டம் விற்கிறவர்கள் வரிசையாக வருகிறார்கள். நானூற்றுச் சொச்சம் பெண்கள் இருந்தோம், என் கையில் இன்று இருப்பது உன் ஒருத்தியின் முகவரி. அதுவும் சலவைக் கடை.

நீ அவள் இருக்கும் ஊரில் இருக்கிறாய். உன்னால் என்ன முடியுமோ பார். வேலைக்கு ஆபத்து வராமல் பார்.

தையல்


மார்ச் 22, ஞாயிறு

அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் செய்ததெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. கேட்டுவிடுகிறேன், கோபித்தாலும் சரி.

மூடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஒரு படம் போட்டாள். குழந்தைகளின் நீச்சல் பை. நான் அடுப்பில் கையை வைத்துக்கொண்டே பார்த்தேன், பையின் வார் மட்டும் கண்ணில் பட்டது, பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் படம் போய்விட்டது. நீங்கள் அழித்துவிட்டீர்கள். அதில் ஏதோ எழுத்து அச்சடித்திருந்தது அக்கா. குளத்தின் பெயராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் படித்தீர்களா?

எழுத்து தெரிகிற படம் எதுவானாலும் நீங்கள் அழிப்பீர்கள், எனக்குத் தெரியும். ஒரு தடவை வேலைக்காரி மாதிரி வேஷம் போட்டு ஒரு முதலாளியம்மா உள்ளே நுழைந்து, ஒரு பெண்ணின் தெருவைக் கண்டுபிடித்து, அவளை அடித்து மண்டையை உடைத்த பிறகு வந்த விதி. நியாயமான விதிதான். ஆனால் அந்தச் செயலியில் நம்மை யாரும் பார்க்காமல் இருக்க எல்லாவற்றையும் மூடினோமே, அந்தச் செயலியே போனால் என்ன செய்வோம் என்று நான் கேட்டேன். நினைவிருக்கிறதா? யாராவது ஒருத்தியிடமாவது நம் விவரம் இருக்கட்டும் என்றேன். 'கரண்டிக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கணும்' என்று எழுதினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் இங்கே அவள் ஜன்னலைத் தேடுகிறேன். அவள் தினமும் போடுவாளே, வட்டமான தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஒரு சிவப்புப் பட்டை, பக்கத்தில் முடியாத கட்டடம். அதை வைத்துத்தானே அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. காய்கறிக்காரரிடம் கேட்டேன், பால்காரரிடம் கேட்டேன். "ஊர் பூரா தொட்டிதாம்மா, நீ எதச் சொல்ற?" என்கிறார்கள். படத்தைக் காட்டலாம் என்றால் படமும் அங்கேயே போய்விட்டது. ஒரு படம்கூட என்னிடம் இல்லை. சாக்பீஸ் எடுத்துச் சலவைக் கடைத் தரையில் வரைந்து காட்டினேன். கடைக்காரம்மா "சோத்துப் பானை மாதிரி இருக்கு" என்றார்.

பையில் என்ன எழுதியிருந்தது?

கரண்டி


மார்ச் 27

கரண்டி,

படிக்கவில்லை.

எழுத்து என்று தெரிந்ததுமே கை அழித்துவிடும். படித்துவிட்டு அழித்தால், யாராவது என்னைப் பிடித்து மிரட்டிக் கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று நானே எனக்குப் போட்டுக்கொண்ட பழக்கம். இத்தனை காலம் அதைப் பெருமையாக நினைத்தேன். பை நீலம். அவ்வளவுதான் கண்ணில் நிற்கிறது. கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன், நீலத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

நீ அன்றைக்குக் கேட்டது சரி. நான் அன்றைக்குச் சொன்னதும் சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். காகிதத்தில் விவரம் எழுதி வைத்திருந்தால் எத்தனை பேர் மாட்டியிருப்பார்களோ. இரண்டு பேரும் சரியாக இருந்தும் அவள் போய்விட்டாள் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது, சொல். வெறும் துணி என்றால் பிரித்துத் தைப்பேன். இதை எங்கே பிடித்துப் பிரிப்பது?

என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அடுத்த கடிதத்தில் திட்டி எழுது. ஆனால் தேடுவதை விடாதே. இன்னும் மாதம் முடியவில்லை.

தையல்


ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷப்படாதீர்கள்.

காஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் சொல்லி வைத்திருந்தேன். மாடி மாடியாக ஏறுகிற மனிதர், எல்லா ஜன்னலும் அவர் கண்ணில் படும். நேற்று வந்து, "செவப்புப் பட்டை போட்ட தொட்டி தானே? பக்கத்துல பாதியில நிக்கிற கட்டடம்?" என்றார். இன்று விடுமுறை வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்தைத் தாண்டி அவர் சொன்ன தெருவுக்குப் போனேன். தெருமுனையில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். தொட்டி, பட்டை, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற கட்டடம், எல்லாம் அப்படியே. நாம் அவள் கண்ணால் பார்த்ததை நான் கீழேயிருந்து என் கண்ணால் பார்த்தேன்.

தொட்டிக்கு நேரே இருந்த அடுக்குமாடியின் காவலாளியிடம், வீட்டு வேலைக்கு வந்திருக்கிற சித்தி பெண்ணைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"அஞ்சாவது மாடியா? போன ஞாயித்துக்கிழமையே காலி பண்ணிட்டாங்களே. ஃப்ளைட்டு."

"குழந்தைங்களப் பாத்துக்கிட்டு ஒரு பொண்ணு இருந்திச்சே?"

"அதுவும்தான் போச்சு. சின்னதத் தூக்கிக்கிட்டு. பாவம், பேசவே பேசாது. போறப்போ தெருவத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. யாராச்சும் வரணுமான்னு கேட்டேன், அதுக்கு நான் கேட்டது புரியல."

பெருக்குகிறவர்கள் இன்னும் வரவில்லை, மேலே போகாதே என்றார். கெஞ்சிவிட்டுப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் பழைய அட்டைகள், உடைந்த பொம்மை வண்டி, நடுவில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இரண்டும் கவிழ்ந்திருந்தன. தானாகக் கவிழ்ந்த மாதிரி இல்லை. பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக, குப்புற வைத்திருந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

உங்களைத் திட்ட ஒன்றும் பாக்கி இல்லை. இன்று விடியற்காலையிலேயே போயிருந்தாலும் பயனில்லை, போன ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போயிருந்தால்தான் உண்டு. அந்தக் காஸ்காரரை ஒரு வாரம் முன்னால் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

கரண்டி


ஏப்ரல் 21

கரண்டி,

உட்கார்ந்துகொண்டு படி. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டுப் படி.

நேற்று 'வாசற்படி' திரும்பி வந்துவிட்டது. நான் இப்போது ஒன்றும் கேட்கவில்லை, எழுதவில்லை. அவர்களாகவே, 'தவறுதலாக மூடிவிட்டோம், சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அனுப்பியிருந்தார்கள். யார் பார்த்தார்கள், ஏன் பார்த்தார்கள், தெரியாது. எந்தக் கை சாத்தியதோ அந்தக் கையே திறந்திருக்கிறது. நம் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் செருப்புப் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே கும்மாளம்.

என் தனிப்பெட்டியில் ஜன்னலின் செய்திகள் இருந்தன. என் கணக்கு மூடியிருந்தபோதும் அவள் அனுப்பியதையெல்லாம் அது வாங்கி வைத்திருக்கிறது. அவள் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 'சென்றது' என்றுதான் காட்டியிருக்கும். சாவிக்கடைக்காரரைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவள் கணக்கை அவர்கள் மூடவில்லை, நாம் மூடப்பட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது. குழு காணவில்லை என்றதும் நான்தான் அவளை வெளியேற்றிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

அந்தச் செயலியை நம்பி விட மனமில்லை. அவள் எழுதினதை எழுதினபடியே கையால் எழுதி அனுப்புகிறேன்.

புதன்: "அக்கா குரூப்ல என்னைக் காணோம். பை படம் போட்டதுக்காக எடுத்துட்டீங்களா? இனிமே போடமாட்டேன். குளம் பேரு சொல்றேன், ரயில் நிலையத்துக்குப் பின்னாடி இருக்கற சின்னக் குளம்."

வியாழன்: "வந்துட்டேன்க்கா." "பச்சை யாரும் இல்ல." "பெரியவன ரெண்டாவது தடவையா தண்ணில எறக்கி விட்டிருக்கேன். நேரம் ஆகட்டும்னு." "அவங்க அம்மா வந்துட்டாங்க. பரவால்லக்கா. அந்தக்கா வேலைல மாட்டிக்கிட்டிருப்பாங்க."

அடுத்த வாரம்: "கோவமா இருக்கீங்களா அக்கா? செருப்பு நேராத்தான் இருக்கு. கவலப்படாதீங்க."

அதற்கும் பிறகு: "விதிய மீறுறேன், திட்டாதீங்க. ரயில் நிலையத்துலேர்ந்து மூணாவது தெரு. அஞ்சாவது மாடி. சனிக்கிழம வரைக்கும் இருப்போம். அவங்க வெளிய போனா நான் உள்ள தட்டுவேன், நீங்க வெளிய தட்டுங்க."

சனி: "அக்கா."

ஞாயிறு, ஒரு படம். எழுத்து எதுவும் இல்லை. நீ பார்த்த அதே வாசல், அதே செருப்பு, கவிழ்ந்தபடி.

அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த டேப்பைக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கிவிட்டார்களோ, விற்றுவிட்டார்களோ. நான் பதில் எழுதினேன். எத்தனை எழுதினேன் என்று கேட்காதே. எல்லாம் 'சென்றது' என்று காட்டுகிறது.

தையல்


ஏப்ரல் 26, ஞாயிறு

அக்கா,

அந்தச் சின்னக் குளத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அன்றைக்கு நான் பஸ் ஏறிப் பெரிய குளத்துக்குப் போனேன்.

இதற்குமேல் அதைப்பற்றி எழுத என்னால் முடியவில்லை. நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தச் செயலியை விட்டு வந்துவிடலாம். எல்லாப் பெண்களிடமும் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு சலவைக் கடை, மளிகைக் கடை என்று முகவரி வாங்குங்கள். தாமதமானாலும் பரவாயில்லை, கடிதம் எழுதிக்கொள்வோம். நாளைக்குத் திரும்பவும் அந்த இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்தால் என்ன செய்வீர்கள்? யார் கையிலோ இருக்கிற வாசலில் நாம் செருப்பை விட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

எனக்கு அதைத் திறக்கவே அருவருப்பாக இருக்கிறது.

கரண்டி


மே 2

கரண்டி,

முகவரி வாங்க ஆரம்பித்துவிட்டேன். முப்பது பேர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பயப்படுகிறார்கள், பயப்படச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பலருக்கு முகவரி என்று ஒன்று கிடையவே கிடையாது, பூட்டின கதவுக்குப் பின்னால் இருக்கிறவளுக்குக் கடிதம் போட்டால் யார் கைக்குப் போகும்? உனக்குச் சலவைக் கடை வாய்த்தது. எல்லோருக்கும் வாய்க்காது.

நீ சொல்வது அத்தனையும் சரி. ஆனால் நான் அங்கிருந்து வர முடியாது.

அவள் எந்த நாட்டில், எந்த மாடியில் இருக்கிறாளோ. என்றைக்காவது அவள் கைக்கு ஒரு போன், ஒரு டேப், யாருடையதாவது கிடைக்கும். கிடைத்தால் அவளுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். வந்து பார்க்கும்போது நாம் இல்லை என்றால்?

அதனால் தினமும் காலையில் கடையைத் திறந்ததும், தையல் மிஷின் மேல் துணியை எடுப்பதற்கு முன்னால், என் செருப்பைப் படம் எடுத்து அங்கே போடுகிறேன். அந்த நிறுவனம் இன்றைக்கு விட்டுவைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அவர்கள் வைத்தால் இருக்கிறேன், எடுத்தால் இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

நீயும் வந்துவிடு. பிடிக்காவிட்டாலும் வா. பச்சை ஏப்ரனைத் தரையில் விரித்து, அதன் மேல் உன் செருப்பை வைத்துப் படம் எடுத்து, 'பெரிய குளத்தில் நின்றேன்' என்று ஒரு வரியோடு போடு. தினமும் போடு. என்றாவது அவள் எட்டிப் பார்த்தால், அன்றைக்கு நீ வேறு குளத்து வாசலில் நின்றாய் என்பதையாவது நம்பட்டும்.

தையல்